ஏழாம் எண் படம்

புரட்டாசி 17, சனி

மேகம். சேர்வராயன் மலை காலையிலிருந்து கண்ணில் படவில்லை. படம் எடுக்க உதவாத நாள்.

புரட்டாசிச் சனி என்று நாமம் போட்ட பிள்ளைகள் செம்பை நீட்டிக்கொண்டு வாசலில் கோவிந்தா போட்டார்கள். ஆளுக்கு ஒரு பிடி அரிசி. பேரன் சின்னு அவர்கள் பின்னாலேயே நாலு வீடு போய்விட்டு வந்தான். ஆறு வயது. யார் போனாலும் பின்னால் போவான்.

பத்து மணி பஸ்ஸில் சம்பந்தி அண்ணன் வந்து இறங்கினார். மருமகள் நல்லம்மாளுடைய அப்பா. நாமக்கல் பக்கத்துக் கடலைக் காட்டிலிருந்து பூஜைக்கு வந்திருக்கிறார், பத்து நாள் இருப்பதாக. கொண்டுவந்தது: நிலக்கடலை ஒரு மூட்டை, நாட்டுச் சர்க்கரை, சின்னுவுக்குப் பம்பரம். பேத்தி வள்ளிக்கு ஒன்றுமில்லை. பத்து வயதுக்காரி சும்மா விடுவாளா.

"எனக்கு என்னங்க அப்புச்சி?"

"உனக்கு நானே வந்துருக்கறேனே சாமி, போதாதாக்கு?"

"நீங்க வந்தது எல்லாத்துக்கும்தானுங்க."

என் மகன் பெரியசாமி பஸ்ஸுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சிரித்தான். ஏற்காட்டுக்கு மலை ஏறுமுன் என்ஜின் தாகம் தீர்க்க நம் வீட்டு எதிரில்தான் நிறுத்துவது. டிரைவர் வீடு இங்கே இருப்பதால் என்ஜினுக்கு இங்கேதான் தாகம் எடுக்கிறது என்று பிரயாணிகள் பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும்.

படப் பெட்டி நிலவரம்: சுருளில் எட்டுப் படம். ஆறு ஆயிற்று. மீதி இரண்டு.

இந்தப் படப் பெட்டி நம் வீட்டுக்கு வந்து ஒன்றரை வருஷம். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்து துரைசானி சீமைக்குத் திரும்பும்போது சாமான்களை விற்றாள். பெரியசாமி ஆசையாக வாங்கி வந்தான்; ஒரு வாரத்தில் அலுத்துப் பரணில் போட்டான். நான் இறக்கினேன். கூட வந்த புத்தகம் இங்கிலீஷ். எழுத்து தெரியாது, ஆனால் அதிலிருந்த படங்கள் தெரிந்தன: சூரியன் எங்கே, ஆள் எங்கே, கை எங்கே. ஐந்தாவது வரை படித்தவளுக்கு அது போதாதா. கொண்டப்பநாயக்கன்பட்டியில் படம் எடுக்கத் தெரிந்த வீடு இது ஒன்றுதான். தலைவாசலில் எழுதி ஒட்டவில்லை, அவ்வளவுதான்.

மாலை ந. (மருமகள் பெயர் நீளம், இனி ந.) மாவு ஆட்டிக்கொண்டே கேட்டாள், குரலை இறக்கி.

"அத்தை, எங்கய்யனை ஒண்ணு எடுத்துக் குடுப்பீங்களா?"

இதுவரை அவள் எதுவும் கேட்டதில்லை. ஐந்து வயதில் தாயை இழந்தவள்.

"எங்கம்மா கை நெனப்பு இருக்குதுங்க. வளையல் கூட நெனப்பு இருக்குது. மூஞ்சி இல்லீங்க. எப்படி எப்படியோ யோசிச்சுப் பார்த்துட்டேன், வரமாட்டேங்குது. அய்யனாச்சும் இருக்கோணுமுங்க."

அண்ணனிடம் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டார், வேண்டாம் என்று.

"என்ற தம்பி சேலத்துல போயி நின்னு படம் எடுத்துட்டுத்தான் சிலோனுக்குக் கப்பலேறுனான் அம்மிணி. படம் ஊட்டுக்கு வந்துச்சு. அவன் வரலை."

அதற்குமேல் என்ன பேச. ஏழாம் எண்ணைப் பிடித்து வைத்திருக்கிறேன். எட்டாவது பூஜைக்கு ஜோடித்த பஸ்ஸுக்கு.


புரட்டாசி 18, ஞாயிறு

நல்ல வெயில். எடுத்தாயிற்று!

நான் ஒன்றும் செய்யவில்லை. பிள்ளைகள் செய்தார்கள். காலையில் வள்ளி விதிகளைத் தம்பிக்குச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், வாய்ப்பாடு மாதிரி. சூரியன் நம் முதுகில் இருக்க வேண்டும். பெட்டி ஆடக் கூடாது. விசையைத் தட்டும்போது மூச்சு விடக் கூடாது. தட்டியதும் சாவியைத் திருகி, பின்பக்கச் சிவப்புக் கண்ணாடியில் அடுத்த எண் வரும்வரை நிறுத்தக் கூடாது.

மூச்சு என்ற இடத்தில் அண்ணன் காது கொடுத்தார்.

"மூச்சு அடக்கறதா? கெணத்துக்குள்ள முங்கி அடிமண்ணு எடுத்துட்டு வருவேன் நானு. உங்கப்பன் அதுல பாதி இருக்கமாட்டான்."

"இப்ப முடியுமுங்களா?"

"ஏன் முடியாது?"

கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்தார். எதிரில் சின்னு, கன்னம் இரண்டும் உப்பிப் போய். வள்ளி எண்ணினாள். கவிழ்த்த உரல் மேல் பெட்டியை வைத்து நான் தயார். சின்னு பதினேழில் வெடித்துச் சிரித்துவிட்டான். அண்ணன் முப்பது தாண்டியும் அசையவில்லை. தலைப்பாகை, மீசை, முழங்கால் மேல் இரண்டு கை. அடேயப்பா, கல்லில் செதுக்கி வைத்தாற்போல. தட்டினேன்.

மூச்சை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"எடுத்துப்போட்டியா அம்மிணி?"

"எடுத்துட்டேனுங்க அண்ணா."

"தெரிஞ்சுதான் உக்காந்தேன். பாப்பா கேட்டாளேன்னு உட்டேன். இனி ஒருக்கா கேக்கப்படாது."

பாப்பா என்றால் ந. இரண்டு பிள்ளை பெற்றவள். அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறாள், கையெல்லாம் மாவு. மத்தியானம் எனக்கு ஒரு கரண்டி நெய் கூடுதல்.

வள்ளி கணக்கு: இந்தச் சுருளில் ஒன்று சின்னு, இரண்டும் மூன்றும் வள்ளி, நாலு முதல் ஏழு ஆயா. "ஆயாளுக்குத்தான் எப்பவும் அதிகம்." உண்மைதான். பெட்டி யாருடையது?


புரட்டாசி 21, புதன். ஆயுத பூஜை.

நாலு நாளாக வெள்ளையடிப்பு, கழுவல், துடைப்பு. கை ஓய்ந்துவிட்டது.

பூஜையில் வைத்தவை: அரிவாள்மணை, மண்வெட்டி, படி, பெரியசாமியின் திருப்புளிகள், வள்ளியின் புத்தகம், சின்னுவின் பலகை, என் மூக்குக் கண்ணாடி, பேனா, இந்த நோட்டு (ஆகையால் இன்று எழுதக் கூடாது, பூஜைக்கு முன்பே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன், முடியவில்லை, இதை மறுநாள் எழுதுகிறேன்), படப் பெட்டி.

பஸ்ஸுக்கு வாழைக்கன்று, மாவிலை, சாமந்தி. பெரியசாமி என்ஜின் மூடியைத் தூக்கி நிறுத்தி உள்ளே சாம்பிராணி காட்டினான், சூடம் காட்டினான். சக்கரத்துக்கு எலுமிச்சை. பூசணி உடைத்ததில் ஒரு துண்டு பறந்து அண்ணன் தலைப்பாகையில். அவரே முதலில் சிரித்தார்.

நான் சுண்டல் அடுப்பை விட்டு நகரவில்லை. வீட்டுக்குள் சாமான்களுக்கு ந.தான் பொட்டு வைத்துச் சூடம் காட்டினாள். சாயங்காலம் பார்க்கிறேன், பெட்டிக்கு மூன்று பக்கமும் சந்தனம், முன் கண்ணாடிக்கு நேர் மேலே குங்குமம். மணப்பெண் மாதிரி.

"சாமிகிட்டச் சொல்லியிருக்கறேனுங்க அத்தை. எங்கய்யன் மூஞ்சி படத்துல நல்லா உழோணும்னு."

சரி என்றேன். மனசுக்கு நன்றாக இருந்தது.


புரட்டாசி 22, வியாழன்

கண்ணாடிமேல் பட்டிருந்த குங்குமத்தைத் துடைத்து, பஸ்ஸை எடுத்தேன். எட்டு. தீர்ந்தது. சுருளை எடுத்து ஒட்டி, பெரியசாமியிடம் கொடுத்தாயிற்று. அஸ்தம்பட்டியில் படக் கடைக்காரர் கழுவித் தருவார். செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.

பெரியப்பட்டி வைத்தியர் வீட்டு அம்மாளிடம், எதிர்வீட்டு நங்கவள்ளிக்காரியிடம், தபால்காரரிடம், பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்த யாரோ ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன், என் சம்பந்தி படம் வரப்போகிறது என்று. கொஞ்சம் அதிகமாகத்தான் சொல்லிவிட்டேன்.


புரட்டாசி 27, செவ்வாய்

எழுதவே கை வரவில்லை.

வள்ளியைக் கூட்டிக்கொண்டு காலை பஸ்ஸில் அஸ்தம்பட்டி. பள்ளிக்கூடத்துக்கு மட்டம். கழுவும் தட்டுகளைப் பார்க்க வேண்டும் என்று ஒரு மாதமாக நச்சரித்தாள். கடைக்காரர் நல்ல மனுஷர். சிவப்பு விளக்கு அறைக்குள் தலையை நீட்டவிட்டார். பிறகு மேசைமேல் சுருளைப் பிரித்து வெளிச்சத்துக்குத் தூக்கினார்.

"பாட்டிம்மா, மூணு நல்லா இருக்குது. மீதி அஞ்சும் வெளிச்சம் பட்டிருக்குங்க."

கரி. நாலிலிருந்து எட்டு வரை தார் பூசினாற்போல் கறுப்பு. சுருளில் கறுப்பாக இருந்தால் காகிதத்தில் வெள்ளை. எல்லாமே கறுப்பென்றால் காகிதத்தில் ஒன்றுமே இல்லை. அது எனக்குத் தெரியும்.

"நடுவுல யாரோ பெட்டியத் தெறந்திருக்காங்க."

"என் பெட்டியை யார் திறக்கப் போறாங்க? கழுவினதுல தப்பு நடந்திருக்கும்" என்றேன். குரல் ஏறிவிட்டது. எனக்கே வெட்கமாகிவிட்டது.

சுருள் உள்ளே இருக்கும்போது மூடியைத் திறக்கக் கூடாது என்பது சின்னுவுக்குக்கூடத் தெரியும். அதுதான் தலையாய விதி.

பஸ்ஸுக்கு நிற்கும்போது புளியமரத்தடியில் வள்ளி என் சேலை முனையைப் பிடித்தாள்.

"ஆயா, அம்மாவை வையமாட்டியே?"

"ஏன்?"

"பூசையப்ப அம்மாதான் தொறந்தா. அய்யன் பஸ்ஸுக்கு மூடி தொறந்து சூடம் காட்டுனாரில்ல, அதே மாதிரி. உள்ளாற காகிதச் சுருள் தளந்து கெடந்துச்சாமா. முழத்துக்கு இழுத்து, தூசி தட்டி, திரும்பவும் நல்லா சுத்தி வெச்சுட்டேன்னா. நான் அப்பத்தான் உள்ள வந்தேன். அதுக்குள்ள மூடிட்டா."

"அன்னைக்கே ஏன் சொல்லலை?"

"சாமி விஷயமாச்சே, ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்."

தப்பித்த மூன்று: ஒன்று, சின்னு எடுத்த எருமையின் பின்பாதி. இரண்டும் மூன்றும் வள்ளியுடையவை: கிணற்று உருளை, தாயம் ஆடும் பெண்கள். நன்றாகவே எடுத்திருக்கிறாள், உருளையின் கயிற்று முறுக்கு ஒவ்வொன்றாகத் தெரிகிறது. என்னுடையது அஞ்சும் போயிற்று. பிள்ளைகள் எடுத்தது பிழைத்தது.

வீட்டில்: "கடைக்காரர் இன்னும் கழுவலை." பொய். வள்ளியையும் சொல்ல வைத்தேன். இரண்டு பொய்.


புரட்டாசி 28, புதன்

அண்ணன் ஊருக்குக் கிளம்ப வேண்டியவர். கிளம்பவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்கிறார். வானம் கண்ணாடி மாதிரி இருக்கிறது. ஒவ்வொரு பஸ்ஸும் நிற்கும்போது வெளியே வந்து, மாப்பிள்ளை கையைப் பார்த்துவிட்டு உள்ளே போகிறார். படம் வேண்டாம் என்றவர்!




புரட்டாசி 29, வியாழன்

வெளியே வந்துவிட்டது. மத்தியானச் சாப்பாட்டில், சின்னு, வாய் நிறையச் சோற்றோடு:

"அப்புச்சி, உங்க படம் கரியாப் போச்சாமா. அக்கா சொன்னா."

வள்ளி தலையைத் தட்டுக்குள் விட்டுக்கொண்டாள். அண்ணன் கையிலிருந்த கவளத்தை வாயில் போட்டு, மென்று, தண்ணீர் குடித்தார்.

"ஏனம்மிணி, எல்லாப் படமும் கரியாப் போச்சா?"

"மொத மூணு வந்துருக்குதுங்க, எருமை, கெணத்து உருளை, தாயம்."

"பஸ்ஸு?"

"வரலீங்க."

"பஸ்ஸு நாளைக்கும் வரும்" என்று சொல்லிக் கையைக் கழுவிக்கொண்டார். பிறகு மெதுவாக: "எருமை வாலுகூடப் படத்துல உழுகுது. என் மூஞ்சி உழுகலை. பொட்டிக்குத் தெரிஞ்சுருக்குது, இவன் இருக்கப்போறது இல்லைன்னு."

ந. அடுப்படியில் என்னைப் பிடித்துக்கொண்டாள். எப்படி, எதனால், யார். அடக்கி வைத்தது வெடித்தது. "என் பெட்டியைத் திற என்று உனக்கு யார் சொன்னது?" என்றேன். அவளுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

"நானா?"

"நீதான்."

"பஸ்ஸுக்கு மூடி தொறந்துதானுங்களே காட்டுனாங்க. பொட்டிய மட்டும் மூடி வெச்சுட்டு மேலாப்புல காட்டுனா, சாமி எப்படி உள்ள போகும்னு..."

முடிக்கவில்லை. நேரே அவள் அப்பாவிடம் போனாள். நான்தான் அய்யா, என் கைதான், வேறு காரணம் இல்லை என்று காலடியில் உட்கார்ந்து சொன்னாள். அதனால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நினைத்தாள். நானும்தான்.

அவர் அவள் தலையைத் தடவினார்.

"சாமிக்குக் காட்டுனது எப்படிக் கெட்டுப்போகும் பாப்பா? சூடம் காட்டி, வேண்டிக்கிட்டு, அதுக்கப்புறமும் கறுத்துப்போச்சுன்னா, அதுக்கு மேல வேற என்ன சேதி வேணும்?"

இப்போது முன்னைவிட மோசம்.

ராத்திரிக்கு முன் எழுதி வைக்க வேண்டியது ஒன்று. பிள்ளைகளுக்கு விதி விதியாகச் சொல்லிக் கொடுத்தேன். ஒன்றரை வருஷத்தில் ந.வை ஒரு நாள் பெட்டிப் பக்கம் கூப்பிட்டதில்லை. அடுப்பு அவளுக்கு, பெட்டி எனக்கு என்று இருந்துவிட்டேன். சொல்லாத விதியை அவள் எப்படி மீறுவாள்?


ஐப்பசி 1, சனி

இரண்டு நாள் மழை. அவர் சொன்ன மழை வந்தேவிட்டது.

அண்ணன் இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து பித்தளைப் பாக்குவெட்டியை எடுத்துப் பெரியசாமியிடம் நீட்டினார். அவர் அப்பன் காலத்துச் சாமான். "நீங்களே வெச்சுக்குங்க மாப்பிள்ளை." பெரியசாமிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை; வாங்கிக்கொண்டான். பாக்கை இப்போது வாயில் வைத்துக் கடிக்கிறார். செவ்வாய்க்கிழமை கிளம்புகிறாராம், காட்டை யார் யாருக்கு என்று பேசி முடிக்க வேண்டுமாம். போன மாதம்தான் புதுக் கிணறு வெட்டப் பேசியவர்.

ந. இரண்டு நாளாக முற்றத்தில் பெட்டி இருக்கும் பக்கம் நடப்பதில்லை. சுற்றிப் போகிறாள்.

புதுச் சுருள் ஒன்று இருக்கிறது. கேட்கத் தைரியமில்லை. இனி ஒருக்கா கேக்கப்படாது என்றாரே.


ஐப்பசி 2, ஞாயிறு

வெயில்! கழுவி விட்ட மாதிரி. நடந்ததை வரிசையாக எழுத வேண்டும், மறக்கக் கூடாது.

காலை எட்டரை இருக்கும். பிள்ளைகள் இருவரும் கடலை மூட்டை போட்டிருக்கும் தெருப் பக்கத்துச் சின்ன அறைக்குள் ஒளிந்து கடலை தின்கிறார்கள். கதவைச் சாத்திக்கொண்டு. திடீரென்று சின்னு கத்தல்.

"ஆயா! செவுத்துல பஸ்ஸு தொங்குது!"

போனேன். கதவைத் திறந்ததும், "அய்யோ தொறக்காத!" என்று வள்ளி. உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். கும்மிருட்டு. கண் பழகியது.

தெருவைப் பார்த்த கதவுப் பலகையில் ஆணி விழுந்த ஓட்டை ஒன்று, மிளகு அளவு. எதிர்ச் சுவர் பூஜைக்கு வெள்ளையடித்தது. அந்தச் சுவரில் எங்கள் தெரு. பஸ் தலைகீழாக, சக்கரம் நாலும் ஆகாசத்தில். வேப்பமரம் வேர் மேலாக. பெரியசாமி தலைகீழாக நின்று என்ஜினுக்குத் தண்ணீர் ஊற்றுகிறான். நிறத்தோடு! பஸ்ஸின் சிவப்பு, ஒரு அம்மாளின் மஞ்சள் சேலை. ஓட்டையை விரலால் மூடினால் எல்லாம் போய்விடுகிறது.

மயிர்க்கூச்செறிந்தது. படப் பெட்டிக்குள் நடப்பது இதுதானே. நாங்கள் மூவரும் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறோம்.

நான் யோசித்து முடிக்குமுன் வள்ளி வெளியே ஓடிவிட்டாள். "அப்புச்சி, வாங்க! சித்த வாங்க!" கையைப் பிடித்து இழுத்து வந்தாள். அண்ணனை மூட்டைமேல் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினோம். நான் ந.விடம், ஒரு குடம் எடுத்துக்கொண்டு வாசலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நட என்றேன். எதற்கென்று அவளுக்குத் தெரியாது.

நானும் உள்ளே வந்து சாத்தினேன். பிறகு அண்ணன்:

"அடடா... பாப்பா போறா. தலைகீழாப் போறா. கொடத்துத் தண்ணி ஊத்தமாட்டேங்குது பாரு!"

சின்னு விழுந்து விழுந்து சிரித்தான். அண்ணன் எழுந்து சுவரைத் தடவினார். கை மேலே அவர் மகள் நடந்தாள்.

"அப்புச்சி, இப்பப் பாருங்க" என்று வள்ளி கதவைத் திறந்தாள். வெயில் உள்ளே பாய்ந்தது. சுவர் வெறும் சுவர்.

"எங்க போனா?"

"எங்கயும் போகலீங்க. வெளிய நடந்துட்டுத்தான் இருக்கறா. வெளிச்சம் வந்தா செவுத்துல அழிஞ்சுபோயிரும். அம்மா பொட்டியத் தொறந்தப்ப இதேதானுங்க ஆச்சு."

"சாத்து."

சாத்தினாள். ந. சுவரில் வந்தாள்.

"தொற."

போனாள்.

எத்தனை தடவை என்று எண்ணவில்லை. சாத்து, தொற, சாத்து, தொற. ந.வுக்குக் கால் வலித்திருக்கும். குடத்தோடு நடந்துகொண்டே இருந்தாள். கடைசியில் இருட்டுக்குள்ளிருந்து அவர் குரல், பேத்தியிடம்தான்:

"அப்ப அன்னைக்கு நான் உள்ளதான் இருந்தனா?"

"இருந்தீங்க அப்புச்சி. மீசையோட இருந்தீங்க."

"சாமி கோவமில்லை."

"சூரியனும் சாமிதானுங்களே. அது உள்ள வந்துட்டா நீங்க எப்படித் தெரிவீங்க?"

இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. எழுதி வைக்கிறேன், பத்து வயதில் என் பேத்தி சொன்னது.

வெளியே வந்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பெரியசாமி பஸ்ஸை எடுக்கப் போனான். அவனைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

"மாப்பிள்ளை, அந்தப் பாக்குவெட்டியச் சித்த குடுங்க. பல்லு வலிக்குது."


ஐப்பசி 3, திங்கள்

வெயில் தொடர்கிறது. ஒன்பது மணி, கிணற்றடிக் கல், அதே இடம்.

அவரே கேட்டார். "வேற சுருள் இருக்குதாக்கு?" நான் ஒன்றும் கேட்கவில்லை, கேட்கக் கூடாது என்றவர் அவர்தான்.

புதுச் சுருளை நிழலில் மாட்டினேன். ந.வைக் கூப்பிட்டேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள், வகுப்பில் திட்டு வாங்கின பிள்ளை மாதிரி.

"நீ தட்டு."

"வேண்டாமுங்க அத்தை. என் கை ஆகாது."

"உன் அப்பா. நீயே தட்டு."

மகளும் தாயும் பெட்டி பின்னால். வள்ளி விதியெல்லாம் ஒப்பித்தாள். "மூச்சு விடாதேம்மா. விரலை மட்டும் அசை, தோளை அசைக்காத. அய்யோ, தோளு!" ந. மேல் வியர்வை. அண்ணன் அங்கிருந்து, உதடு அசையாமல்: "சீக்கிரம் தட்டு பாப்பா, நானும் எத்தனை நேரந்தான் அடக்கறது."

தட்டினாள். அந்தச் சின்னச் சத்தம். சாவியைத் திருகினாள், சிவப்புக் கண்ணாடியில் இரண்டு வரும்வரை, ஒன்றைக்கூடத் தாண்டவிடாமல். மாவு ஆட்டுகிற கை, ஆடுமா?

மீதி ஏழையும் இன்றே முடித்துவிடச் சொன்னேன். காத்திருக்க யாருக்கும் பொறுமை இல்லை. சின்னுவுக்கு எருமை, இந்தத் தடவை முன்பாதி. ந.வுக்கு இன்னும் ஒன்று கொடுத்தேன். நேரே போய்த் தன் அடுப்பை எடுத்தாள். இருட்டு, வராது என்றேன். பரவாயில்லைங்க என்றாள்.

எனக்கு ஒன்றுமே மிஞ்சவில்லை. கணக்குப் பிள்ளை வள்ளி கவனித்தாள்: "ஆயாளுக்கு இந்தத் தடவை சுழி." சிரித்துக்கொண்டோம்.

செவ்வாய் கிளம்புவது நின்றது. காட்டை யாருக்கு என்ற பேச்சும் நின்றது. கிணற்றுப் பேச்சு திரும்ப வந்துவிட்டது. எத்தனை அடியில் பாறை வரும் என்று பெரியசாமியோடு வாதம்.


ஐப்பசி 7, வெள்ளி

கால் வலி. தைலம். கடலை உருண்டை செய்தோம். சின்னு கதவுப் பலகையில் இன்னொரு ஓட்டை போட ஆணி எடுத்தான், பிடுங்கி வைத்தேன். தெருப் பிள்ளைகள் பதினோரு பேர் இன்று சின்ன அறையில், இருட்டுக்குள். கடலை மூட்டை பாதி. இரண்டாவதுக்குப் போகும் நங்கவள்ளிக்காரி மகள், சுவரில் தன் அம்மா தலைகீழாக வாசல் தெளிப்பதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு ஓடி அவளைக் கட்டிக்கொண்டாளாம்.


ஐப்பசி 11, செவ்வாய்

பத்து மணி பஸ். பெரியசாமி இறங்கும்போதே முகத்தில் தெரிந்தது. சட்டைப் பையிலிருந்து உறை, கூடவே ஒரு புதுச் சுருள். என் கையில் கொடுக்க வந்தான். ந.விடம் கொடு என்றேன்.

எட்டும் வந்திருக்கிறது. அடுப்புகூட, நெருப்பு மட்டும் ஒரு வெள்ளைப் பூவாக.

அண்ணன் படம். வெற்றிலை அகலம் இல்லை. ஆனால் மீசை முடி, நெற்றிக் கோடு, தலைப்பாகை மடிப்பு எல்லாம். மூச்சு அடக்கினதில் மார்பு நிமிர்ந்து இருக்கிறது. நான் எடுத்திருந்தாலும் இதைவிட நன்றாக வந்திருக்காது. (இதைக் கஷ்டப்பட்டுத்தான் எழுதுகிறேன்.)

ந. பார்த்தாள். முந்தானையில் கையைத் துடைத்துத் துடைத்து ஓரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அவர் வெயிலுக்கு எடுத்துப் போனார். கிட்டத்தில் வைத்தார், தூரத்தில் வைத்தார். என் மூக்குக் கண்ணாடியைக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தார். பஸ்ஸிலிருந்து யாரோ "டிரைவரய்யா, நேரமாச்சுங்க" என்கிறார்கள். யாரும் அசையவில்லை.

"இது நானில்லை" என்றார்.

ந. முகம் மாறிவிட்டது. "நீங்கதானுங்கய்யா."

"இல்லை பாப்பா. இது எங்கய்யன்." விரலை மூக்கின்மேல் வைத்தார், தொடாமல். "அச்சு அசல் எங்கய்யன். அவரு போயி நாப்பது வருசம். மூஞ்சி மறந்துபோச்சுன்னு இருந்தேன். இந்தா உக்காந்துருக்கறாரு."

சின்னு எட்டிப் பார்த்தான். "அவரும் மூச்சு அடக்குவாருங்களா?"

"என்னை உட நல்லா அடக்குவாரு சாமி."

ந. கையை நீட்டினாள், படத்துக்கு. அண்ணன் அதைச் சுருக்குப் பைக்குள் வைத்து, கயிற்றை இழுத்து முடிந்துகொண்டார்.

"இது எங்கய்யன். இதை நான் வெச்சுக்கறேன். உனக்கு உங்கய்யன் வேணும்னா, போயிப் பொட்டிய எடுத்துட்டு வா. வெயில் இருக்குது."